எலியில்லாத கிடங்கு

என் அண்ணன் வைத்த பொறிகளில் ஒரு எலிகூட விழவில்லை. விழாதது கிடக்கட்டும், கம்பியில் குத்தி வைத்த ரொட்டித் துண்டை ஒன்றுகூட மோந்து பார்த்ததாகத் தெரியவில்லை. கிடங்கின் ஈரத்தில் ரொட்டி ஊறி, பச்சையாகப் பூசணம் பூத்து, வைத்தது வைத்தபடி இருந்தது. புழுக்கை மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

"கெட்டிக்கார எலி," என்றான் அண்ணன், தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பாராட்டிவிட்ட மாதிரி. "பொறியைப் பார்த்ததும் ஒதுங்கிப் போயிடுது. இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல."

"இதையும்தான் நீ பார்க்கல."

"எதை?"

"எலியை. கண்ணால பார்த்தியா?"

"புழுக்கை இருக்கே! எலி இல்லாம புழுக்கை எங்கேருந்து வரும்? கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டுமா?"

அண்ணனிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை, அண்ணியைத் தவிர. நான் கோபக்காரி, கோபம் வந்தால் வார்த்தை தடுக்கும். அவனுக்கு அது தெரியும். அதனால் என்னைக் கோபப்படுத்திவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான்.

செடிகளுக்கு வரும் நோயைக் கண்டுபிடிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வாடிய செடியையும் புள்ளி விழுந்த இலையையும் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்து வருவார்கள். நான் பார்த்து, வளர்த்து, பெயர் சொல்வேன். குணப்படுத்துவது பெரும்பாலும் என் கையில் இல்லை. பெயரைக் கேட்டதும் சிலர் திட்டிவிட்டுப் போவார்கள், நான்தான் அந்த நோயைக் கொண்டுவந்து செடியில் ஒட்டவைத்த மாதிரி. வாரம் முழுக்க இதைச் செய்துவிட்டு, விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்குப் போவேன். சாப்பாட்டுக்காகத்தான் வருகிறேன் என்று அண்ணியிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு நான் 'டாக்டரம்மா'. அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட முற்றம், அதைத் தாண்டினால் கிடங்கு, அதற்குப் பின்னால் முட்டைக்கோஸ் வயல். கிடங்கு நீளமானது, சன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் மரச்சட்டங்களில் தட்டுத்தட்டாகக் கோஸ். அறுத்து வந்ததும் வெளி இலைகளை உரித்துப்போட்டு, தண்டைக் கீழே வைத்து அடுக்கிவிடுவார்கள். விலை ஏறும்வரை குளிரில் கிடக்கும். கதவைத் திறந்தால் அந்தப் பச்சை வாசனை முகத்தில் அடிக்கும். அன்று அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ஈரத்துணியை மூட்டை கட்டிவைத்து மறந்துபோனால் வருமே, அது.

"மாமனார்னு பேர் வெச்சிருக்கேன்," என்றான் அண்ணன்.

"யாருக்கு?"

"எலிக்குத்தான். வர்றதும் தெரியல, போறதும் தெரியல. வந்துட்டுப் போன அடையாளம் மட்டும் வீடு முழுக்க இருக்கு."

கூடையோடு உள்ளே வந்த அண்ணி அதைக் கேட்டுவிட்டாள். "எங்கப்பா வந்தா வயிறாரச் சாப்பிட்டுட்டுத்தான் போவாரு. உங்க எலி ஒரு வாய் ரொட்டிகூடத் தின்னல. எங்கப்பாவை ஏன் இதோட சேர்க்கறீங்க?"

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அண்ணி சொன்னது மட்டும் எனக்குள் நின்றுகொண்டது. ஒரு வாய்கூடத் தின்னாத எலி எதைத் தின்று இவ்வளவு புழுக்கை போடுகிறது?

குனிந்து ஒன்றை எடுத்தேன். கறுப்பு, நீளவாக்கில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. யார் பார்த்தாலும் எலிப்புழுக்கை என்றுதான் சொல்வார்கள். விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன். நசுங்கவில்லை.

"சீ, கையால தொடறியே! நோய் வந்துடும்!" அண்ணன் என் கையைத் தட்டிவிட்டான். அது சட்டத்துக்கு அடியில் உருண்டு போய்விட்டது. பின்வரிசைப் பக்கம் நடந்தேன். அவன் குறுக்கே வந்து நின்றான்.

"அங்க போகாத. மருந்து வெச்சிருக்கேன்."

"எலி மருந்துதானே? நான் என்ன அதை எடுத்துத் தின்னவா போறேன்?"

"சொன்னாக் கேளு!"

குரல் திடீரென்று உயர்ந்தது. அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவன் உடனே சிரித்துச் சமாளித்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து நின்றது, ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. தையலக்கா.

எங்கள் தெருவில் தையலக்கா தைக்காத சட்டை கிடையாது. அண்ணன் பிள்ளை போட்ட முதல் சட்டை அவள் கையால் தைத்தது. கண் மங்கி, ஊசியில் நூல் கோக்கவே அடுத்தவரைக் கூப்பிட வேண்டிவந்ததும், தையல் இயந்திரத்தை விற்றுவிட்டு, அண்ணன் வயலை ஒட்டி ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினாள். கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. அதுவரை அவளுக்கென்று இருந்தது அந்த இயந்திரம். இப்போது அந்த நிலம். முதல் நடவுக்குக் கோஸ் நாற்று தயாராக இருந்தது.

"தம்பி, உரம் வந்து இறங்கிடுச்சு," என்றாள். "உங்க ஆளு தார்ப்பாய் போட்டு மூடிட்டுத்தான் போனாரு."

"கிடங்குல பெருக்கின குப்பைக்கா. உரிச்ச இலையும் எலிப்புழுக்கையும் சேர்ந்து நல்லா மக்கியிருக்கு. அதுக்கு மிஞ்சின உரம் கிடையாது. வேற ரெண்டு பேர் கேட்டாங்க. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்."

"அதுதான் பெரிசு தம்பி. யாரு இப்படிச் செய்வாங்க?" என்றவள் என்னைப் பார்த்தாள். "உங்கண்ணன் மனசு யாருக்கும் வராது."

உழவு வண்டி வாரக் கடைசியில்தான் வரும், அதற்கு முன் ஆளை அனுப்பி உரத்தைப் பரப்பித் தருகிறேன் என்றான் அண்ணன். அவள் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவன் முகத்தைப் பார்த்தேன். பெருமை இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

கிளம்பும்போது அண்ணி வழக்கம்போல ஒரு கோஸை எடுத்துப் பைக்குள் போட்டாள். கைக்கு எட்டியதை எடுத்தாள். அது பின்வரிசையில் இருந்தது. அண்ணன் அப்போது பக்கத்தில் இல்லை.

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் தொடை சில்லென்றது. பையின் அடிப்பாகம் நனைந்திருந்தது. கோஸ் தண்ணீர் விடாது. பையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனார்.

என் சமையலறையில் பலகைமேல் வைத்துக் கத்தியை வைத்ததும், அழுத்தாமலேயே உள்ளே இறங்கியது. மேலே நல்ல பச்சை, கெட்டியான இலை. உள்ளே இலைக்கும் இலைக்கும் நடுவில் வெள்ளையாகப் பஞ்சு. தலையணையைக் கிழித்தால் வருவதுபோல் அடைத்துக்கொண்டிருந்தது. பஞ்சுக்குள் சின்னச் சின்ன முடிச்சுகள். சில வெள்ளை, வேர்த்ததுபோல் மேலே நீர் கோத்திருந்தது. சில சாம்பல். சில நல்ல கறுப்பு, கெட்டியாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எந்த எலியும் நுழையாத, ஒரு கீறல்கூட இல்லாத இலைகளுக்குள் கோஸே புழுக்கை போட்டுக்கொண்டிருந்தது. பயம் என்றால் பயம்தான், வேறு சொல் இல்லை. எத்தனையோ அழுகலைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள், அன்று கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தத் தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. ஈரக்கையோடு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, எலி இல்ல."

"வீட்டுக்குப் போயிட்டியா? சாப்பிட்டியா?"

"அண்ணா, நான் சொல்றதக் கேளு. அது வெள்ளைப் பூசணம். இலைய அழுகவெச்சு உள்ளயே வளருது. நீ புழுக்கைங்கறது அந்தப் பூசணம் கெட்ட காலத்துக்குன்னு கட்டி வெக்கற மூட்டை. மண்ணுல விழுந்தா வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்து வந்தா முளைச்சு எழுந்து வரும்."

மறுமுனையில் கிடங்கின் மின்விசிறியை அவன் நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நிச்சயமா?" என்றான்.

"பார்த்தாலே தெரியுது. ஆனா தட்டுல வளர்த்துப் பார்க்காம முடிவு சொல்ல மாட்டோம். எங்க வேலை முறை அப்படி."

"அப்ப வளர்த்துப் பாரு. வளர்ற வரைக்கும் எலிதான்."

"சரி, எலியோ புலியோ! தையலக்காவ மட்டும் அந்தக் குவியலத் தொட வேணாம்னு சொல்லிடு. இன்னைக்கே சொல்லு."

"சொல்றேன்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல!"

சொல்கிறேன் என்று அண்ணன் சொன்னால் சொல்லிவிடுவான். சின்ன வயதிலிருந்து அவன் சொல் தவறி நான் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆய்வகத்தில் முதல் வேலையாக ஒரு கிண்ணம் தண்ணீரில் கறுப்பு மணிகளைப் போட்டேன். எலிப்புழுக்கை என்றால் கொஞ்ச நேரத்தில் ஊறி, கரைந்து, தண்ணீரைக் கலக்கிவிடும். இவை கிண்ணத்தின் அடியில் கூழாங்கல் மாதிரி கிடந்தன. ஒன்றை எடுத்துப் பிளேடால் குறுக்கே வெட்டினேன். வெளியே கறுப்புத் தோல், உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை. எந்த எலியின் வயிற்றிலிருந்தும் இப்படி ஒன்று வெளியே வராது.

இன்னொன்றைச் சுத்தம் செய்து, பூசணம் வளர்க்கும் கண்ணாடித் தட்டில் வைத்து மூடினேன். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. நான் பொறுமைக்காரி இல்லை. காலையில் வந்ததும் பையை வைக்கும் முன் தட்டைத்தான் பார்ப்பேன். முதலில் மணியைச் சுற்றி மூச்சுவிட்ட ஆவி மாதிரி ஒரு வெண்மை. பிறகு நூல்நூலாக எல்லாப் பக்கமும் ஓடியது. தட்டின் விளிம்பைத் தொட்டதும் வேறு வழியில்லாமல் மேலே எழும்பி மூடியை முட்டியது. விளிம்போரம் வெள்ளை முடிச்சுகள் கட்டி, வேர்த்து, மெல்லக் கறுக்க ஆரம்பித்தன. ஒரு மணி வைத்த தட்டில் ஒரு பிடி மணி.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கிடங்கு வாசலில் அண்ணன் உட்கார்ந்து ஒரு புதுக் கூண்டுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தான். பூனையே உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவு பெரிய கூண்டு. அதைப் பார்த்ததும் கோபப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

"வளர்ந்துடுச்சு," என்றேன்.

அவன் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. "கொஞ்சம் பிடி. இந்தக் கம்பி மாட்ட மாட்டேங்குது."

"அண்ணா! தட்டு முழுக்க வளர்ந்துடுச்சு. எலி இல்ல. ஒரு எலிகூட இல்ல. தள்ளு."

அவனைத் தாண்டி உள்ளே போனேன். இந்தத் தடவை அவன் தடுக்கவில்லை. பின்வரிசைக்குப் போய்க் கோஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அழுகிய பக்கமெல்லாம் சுவரைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஞ்சு பாலம் போட்டிருந்தது. எலி மருந்து என்று ஒரு பொட்டலம்கூட அங்கே இல்லை.

யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார். தானாக எந்தக் கோஸும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளாது.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

என் சத்தம் கேட்டு அண்ணி வந்து வாசலில் நின்றாள். கையில் மாவு.

"எப்பலேருந்து தெரியும்?"

"வயல்லயே பார்த்தேன்," என்றான் தரையைப் பார்த்து. "போன அறுப்புல. தண்டடியில வெள்ளையா இருந்துச்சு. பனின்னு நெனச்சேன். வெயில் ஏறியும் போகல. அப்புறம் கிடங்குல கறுப்புக் கறுப்பா விழ ஆரம்பிச்சதும், எலின்னு யாரோ சொன்னாங்க. யாரு சொன்னாங்கன்னுகூட ஞாபகமில்ல. அத அப்படியே பிடிச்சுக்கிட்டேன்." கூண்டைக் காலால் தள்ளினான். "எலின்னா பிடிச்சிடலாம். இத எத வெச்சுப் பிடிக்கறது? நீயே சொல்லு."

என்னிடம் அதன் பெயர் மட்டும்தான் இருந்தது.

"தையலக்காகிட்ட சொல்லிட்டல்ல?"

"சொல்லணும்னுதான் போனேன். டீ போட்டுக் கொடுத்தாங்க. நாத்து நட்டா எந்தப் பக்கம் எத்தனை வரிசைன்னு குச்சி நட்டுக் காட்டினாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. முற்றத்தில் தெருக்காரர்கள் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஊருக்கே சொல்லிவிடுவேன், இனி உன் கோஸை யாரும் தொட மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன் போலிருக்கிறது. ஏனென்றால் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாத."

"மண்ண அள்ளிப் போட்டது நீ! அக்கா பொழப்புல! வண்டி வெச்சுக் கொண்டுபோய்ப் போட்டிருக்க!"

அண்ணி மாவுக் கையை முழங்கைவரை துடைத்துக்கொண்டாள். "நம்ம பிள்ளைக்கு முதல் சட்டை தெச்சவங்க," என்றாள் மெதுவாக. "துணிக்குக்கூட எதுவும் வாங்கிக்கல. எழுந்திருங்க."

"என்னன்னு சொல்றது?"

"எதையாவது சொல்லுங்க. எனக்கே வேணும்னு சொல்லுங்க. கொடுத்துட்டுப் பிடுங்கறவன்னு பேர் வந்தா வரட்டும். முதல்ல அந்தக் குப்பைய அங்கேருந்து ஏத்துங்க."

அது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்றேன். ஆனால் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் கொஞ்சம் மூச்சும் வந்தது. குவியல் ஒரே இடத்தில் இருக்கிறது, மூடியிருக்கிறது. அதை ஏற்றிவிட்டு, அடியில் இருக்கும் மண்ணையும் சேர்த்து ஆழமாகச் சுரண்டி எடுத்து எரித்துவிட்டால் மற்ற நிலம் தப்பிக்கும். அண்ணன் வயல் போனது போனதுதான். அக்காவுடையது போக வேண்டியதில்லை. முதலில் எடுப்போம், பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

தள்ளுவண்டியில் மண்வெட்டிகளைப் போட்டுக்கொண்டு மூவரும் வயல் வழியாக நடந்தோம். கிடங்கின் இருட்டில் நின்றுவிட்டு வெளியே வந்ததால் வெளிச்சம் கண்ணைக் கூசியது. வரிசை வரிசையாகக் கோஸ், தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. கிட்டே போனால் அங்கங்கே ஒன்று வெளிறி, இலை தொய்ந்து, குளித்துவிட்டுத் துவட்டாத தலை மாதிரி உட்கார்ந்திருந்தது. அண்ணன் எதையும் பார்க்காமல் வண்டியைத் தள்ளினான். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் வண்டி தடதடத்தது.

தார்ப்பாயை முதலில் பார்த்தவள் நான்தான். வரப்போரம் மூலைக்கு மூலை சேர்த்து, துணிக்கடையில் மடிப்பதுபோல் மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தது. பக்கத்தில் குவியல் இல்லை. குவியல் இருந்த இடம் ஈரமாக, நன்றாகப் பெருக்கிவிட்டதுபோல் இருந்தது.

தையலக்கா நிலத்தின் நடுவிலிருந்து கையசைத்தாள். சின்ன முக்காலி ஒன்றும் ஒரு வாளியும் அவள் பக்கத்தில் இருந்தன.

"வாங்க வாங்க! மூணு பேரும் மண்வெட்டியோட வர்றீங்க? பரப்பத்தானே? லேட்டு!" சிரித்தாள். "நானே முடிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?" என்றாள் அண்ணி.

"பின்ன? உங்க ஆளு வர்ற வரைக்கும் கை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நாலு நாளா இதே வேலை." பக்கத்தில் கிடந்ததை எடுத்துக் காட்டினாள். கொசுவலைத் துணியை வட்டமாக வெட்டி, கம்பி வளையத்தில் சுற்றித் தைத்திருந்தாள். கண் தெரியாமல் தைத்தும் ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. "இதுல போட்டுச் சலிச்சேன். தூசி தும்பெல்லாம் கீழ போயிடுச்சு. கட்டியையும் தண்டையும் கையால எடுத்துப் போட்டுட்டேன். மேல புழுக்கை மட்டும் சுத்தமா நின்னுச்சு. சத்தே அதுலதானேன்னு தம்பி சொன்னாரே! அத மட்டும் வாளியில எடுத்துக்கிட்டு, விதை தெளிக்கற மாதிரி ஒவ்வொரு பிடியா தெளிச்சேன்."

மூவரும் மண்ணையே பார்த்தோம். அதை அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

"ஒரு சாண் இடம்கூட விடல. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தொங்கினா அது சட்டையா? மண்ணும் அப்படித்தானே. எல்லா இடத்துலயும் சமமா விழணும்னு முட்டி போட்டுப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் லேசா கிளறிவிட்டுத் தண்ணியும் தெளிச்சுட்டேன்."

இவளைவிடச் சோம்பேறியாக ஒருத்தி இருந்திருந்தால் குவியலை ஒரு மூலையில் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். அந்த மூலையை வெட்டி எடுத்திருக்கலாம். நான் குனிந்து பார்த்தேன். ஈர மண்ணில் கறுப்பு மணிகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அளந்து வைத்த மாதிரி இடைவெளி. நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

அண்ணன் வண்டியின் கைப்பிடியை விட்டான். முன்னால் போனான். அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்தான். ஒரு மணியைப் பொறுக்கினான், உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். இன்னொன்று. பிறகு இன்னொன்று. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன தம்பி இது?" தையலக்கா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "கொடுத்தத ஒண்ணு ஒண்ணா எண்ணித் திருப்பி எடுத்துக்கறீங்களா?"

அவன் நிமிரவில்லை. விரல்கள் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தன. நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"எலிப்புழுக்கை இல்லக்கா."

"பின்ன?"

"நோய். என் கோஸுக்கு வந்த நோய். எனக்குத் தெரியும்க்கா. கொடுக்கும்போதே தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். பொய் என்று சொல்லிவிடமாட்டேனா என்று அந்த மங்கிய கண் கேட்டது. நான் தலையாட்டினேன். அவள் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

"எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்றாள் என்னிடம்.

"நாள்கணக்கு இல்லக்கா. வருஷக்கணக்கு."

"கோஸுக்கு மட்டும்தானே? வேற காய் ஏதாவது போட்டுக்கறேன்."

"கேரட், பீன்ஸ், தக்காளி... காய்ல பாதிக்கு மேல அதுக்கு ஆகும்க்கா."

"பொறுக்கிட்டா?"

அண்ணனின் உள்ளங்கையைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பிடி சேர்ந்திருந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி மண் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"முடியாதுக்கா," என்றேன்.

அவள் அதற்கு அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்கு நல்லதாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாளோ என்னவோ, வாளியை எடுத்துக்கொண்டு வரப்பைப் பார்த்துத் திரும்பினாள். திரும்பியவள் நின்றுவிட்டாள்.

"செருப்புல ஒட்டிக்கிட்டு வருமா?"

"வரும்க்கா."

எடுத்த காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். முன்னால் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். தன் சொந்த நிலத்தின் நடுவில், ஒற்றைக்காலில், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல்.